கூடத்தை அழகு செய்த கைகள்

நம் சங்க மலரில் கோயில், கல்வெட்டு, காப்பியம், அரச பரம்பரை என எல்லாவற்றைப் பற்றியும் கற்றறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானோ துணி வியாபாரி. நாற்பது வருஷத்துக்கு மேலாக அகமதாபாத்தில் கஜக்கோலும் கத்திரிக்கோலுமாகக் காலம் தள்ளியவன். படித்ததெல்லாம் கடை சாத்தின பிறகு படித்ததுதான். ஆகையால் என் தொழிலோடு ஒட்டிய ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். இன்று ஹால் என்றும் டிராயிங் ரூம் என்றும் நாம் சொல்லும் கூடத்தை நம் முன்னோர் எந்தப் பொருளைக் கொண்டு, யார் கையால் அழகு செய்தார்கள் என்பதே அது. ‘இதில் என்ன சரித்திரம்? சுவத்துல ஒரு படம் மாட்டுவாங்க, கீழே ஒரு பாய் விரிப்பாங்க, அவ்வளவுதானே’ என்று வாசகர் கேட்கலாம். அந்தச் சுவரில் தொங்கிய துணிக்காக இங்கிலாந்தும் பிரான்சும் சட்டம் போட்ட கதை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கடைத்தெருவைப் பார்ப்போம். கோரை பின்னியதுபோல் அச்சடித்த சுவர்க் காகிதம், தேக்குமர ரேகை ஓடும் பீங்கான் ஓடு, மூங்கில் கணு வைத்த பிளாஸ்டிக் தட்டி, வருஷம் முழுக்க வாடாத மாவிலைத் தோரணம். என் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்கூட ‘காதி மாதிரி தெரியணும், ஆனா கசங்கக் கூடாது’ என்றுதான் கேட்கிறார். போலி செய்யப்படுகிறது என்றால் அசல்மீது ஆசை போகவில்லை என்று அர்த்தம். மல்லிகைக்குக் காகிதப் பூ செய்வார்களே தவிர எருக்கம்பூவுக்கு யார் செய்வார்கள்? ஆனால் கடைக்காரர்கள் நகல் எடுப்பது அசலின் தோற்றத்தை மட்டுமே. அசலுக்கு ஒரு ஆயுள் உண்டு. அது தீர்ந்ததும் மறுபடி செய்ய ஒரு கை வேண்டும். அந்தக் கையை நகல் எடுக்க இயந்திரம் இல்லை.

பழைய நூல்களில் சாமானியர் வீட்டுக் கூடத்தைத் தேடினால் அதிகம் அகப்படாது; அரண்மனைதான் அகப்படும். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் மனை வருகிறது. செம்பினால் செய்தது போன்ற உறுதியான நெடுஞ்சுவர், அதில் பல பூக்களோடு வளைந்து செல்லும் கொடியின் ஓவியம், கரிய திரண்ட தூண்கள். கட்டில் யானைத் தந்தத்தால் ஆனது. அதுவும் போரில் இறந்துபட்ட யானையின் தந்தம் என்று புலவர் சொல்கிறார். சமணனாகிய எனக்கு அந்த இடத்தில் கண் நின்றுவிடும். வேட்டையாடிக் கொன்றதில்லை என்று சொல்ல வருகிறாரோ, அல்லது வீரத்தைச் சொல்ல வருகிறாரோ, புலவர்களே தீர்ப்புச் சொல்லட்டும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம் நீல விதானத்தின் கீழே, முத்துப் பந்தரில் நடக்கிறது. விதானம் என்பது மேலே கட்டும் துணி. ஆக அன்றைக்கே தரை, சுவர், தலைக்குமேல் என்று மூன்று பக்கமும் அலங்காரம் செய்து பழகியிருக்கிறோம்.

அந்த விதானத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும. தாமரைக் குளம் தீட்டிய கூரையை எல்லோரும் படமாகவாவது பார்த்திருப்பீர்கள்: மீன்கள், யானை, அன்னம், பூப்பறிக்கும் ஆட்கள். ஆனால் துணிக்காரன் கண் கருவறைக் கூரையில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே தீட்டியிருப்பது ஒரு கம்பள விரிப்பு. கரை போட்டு, கட்டமும் வட்டமும் மாறிமாறி, நடுநடுவே தாமரையும் உருவங்களுமாக நெய்தெடுத்த துணியைப் பாறையில் விரித்துக் கட்டினாற்போல் இருக்கிறது. துணி நைந்து போகும், பாறை போகாது என்று எண்ணித் துணியையே பாறையில் எழுதிவிட்டார்கள் போலும்! ஆனால் அந்தப் பாறையைச் சேர்ந்த மண்டபத்துக்கும் பழுது பார்க்கும் வேலை வந்தது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்ததாக அங்கே கல்வெட்டு கூறுகிறது. குகையானாலும் சரி, குடிசையானாலும் சரி, புதுப்பிக்க ஓர் ஆள் வந்தபடி இருக்க வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். தமிழ்ச் சமணர் பலர் வாழும் வந்தவாசிச் சீமை என் பூர்வீகம். வந்தவாசி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1760இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டை ஞாபகம் வரும். மற்றவர்களுக்குக் கோரைப்பாய் ஞாபகம் வரும். எங்கள் ஊர்க் கூடத்தில் நாற்காலி என்பது தாசில்தார் வந்தால் போடுவதற்காகப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வருகிற சாமான். மற்றபடி எல்லாம் பாய்தான். சுருட்டி மூலையில் நிறுத்தினால் கூடம் காலி. நெல் கொட்டலாம், தொட்டில் கட்டலாம், பந்தி போடலாம். விரித்தால் அதுவே சபை. இன்றைய சோபாவுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கோரையில் உயர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைக் காயவைத்து, ஓடுகிற ஆற்றுநீரில் ஒருவாரம் போல ஊறப்போட்டு, அது பருத்தபின் மறுபடி காயவைத்து, நுணுக்கமாகக் கிழித்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக ஓட்டி, லெப்பைக் குடும்பங்கள் நெய்து வந்த பாய் அது. சிவப்புச் சாயத்துக்குப் பதிமுகக் கட்டை. 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து ஒரு பாய் போயிற்று. மடித்தால் பட்டுத்துணிபோல் மடியும் என்பார்கள். எங்கள் வந்தவாசிப் பாய் அவ்வளவு பெரிய மனிதரல்ல, முரட்டுப் பாய்தான். ஆனால் வெயில் காலத்தில் அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்துப் பாருங்கள், ஏசி எதற்கு என்பீர்கள். பாயின் ஓரம் பிரிந்தால் அம்மா பழைய புடவைக் கரையைக் கிழித்து வைத்துத் தைத்துவிடுவார். அந்த ஓரத்துணியைப் பார்த்தே எந்தப் பாய் யார் கல்யாணத்து வருஷம் வாங்கியது என்று சொல்லிவிடலாம்.

சுவர் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பு. சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து அடங்க ஒருநாள். தூரிகை கடையில் வாங்குவதில்லை. தாழை விழுதை நறுக்கிக் கல்லில் வைத்து நுனியைத் தட்டினால் நார் பிரிந்து தூரிகை ஆகிவிடும். சுண்ணாம்பு சுவரில் பிடித்துக்கொள்ள ஊரில் பலர் வஜ்ஜிரம் கலப்பார்கள். வஜ்ஜிரம் என்பது மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பிசின். எங்கள் வீட்டில் அது நுழையாது; சோற்றுக் கஞ்சிதான். கஞ்சி கலந்த சுவர் தொட்டால் கொஞ்சம் கையில் ஒட்டும், இரண்டாம் மழைக்கே திட்டுத் திட்டாக வெளிறும். அதனாலென்ன, அடுத்த பொங்கல் வராமலா போகும்? சுவரின் கீழே ஒருமுழ உயரத்துக்குக் காவிப் பட்டை. தரையில் சாணம் மெழுகி அரிசிமாக் கோலம். எறும்பு தின்னட்டும் என்றுதான் அரிசிமாவு. இப்போது கல்மாவில் போடுகிறார்கள். எறும்பு வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர் பளபளப்பை நான் நேரில் கண்டு வியந்திருக்கிறேன். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்து, பூச்சின்மேல் பூச்சாகப் பூசித் தேய்த்து மெருகேற்றியவை. கண்ணாடிப் பலகைமேல் வார்த்து, சுடாமல், நிழலிலும் நீரிலும் பதப்படுத்தும் ஆத்தங்குடி ஓடும் அங்கே பக்கத்துச் சரக்கு. ஆனால் வெள்ளைக்கரு என்றதும் ஒரு சமணன் யோசிப்பான். ‘இயற்கைப் பொருள்’ என்றாலே நல்ல பொருள் என்று இப்போது ஒரு பேச்சு உலாவுகிறதே, அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பட்டு இயற்கைதான், கூட்டுக்குள் புழுவைக் கொதிக்க வைத்துத்தான் நூல் வருகிறது. தந்தம், சங்கு, தோல், அரக்கு எல்லாமே இயற்கைதான். குஜராத்தில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திராசாரியர் தம் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை வகுத்துச் சொல்கிறார். அதில் தந்த வாணிஜ்யம் ஒன்று. கொம்பு, தோல், இறகு போன்ற விலங்குப் பொருள்களும் அதில் அடக்கம். லாக்ஷா வாணிஜ்யம், அதாவது அரக்கு வியாபாரம், இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால் இதே குஜராத்தில் எத்தனையோ ஜைன வீட்டுக் கூடங்களில் சங்கேடா ஊஞ்சல் ஆடுகிறது. தேக்கைக் கடைந்து அரக்கு மெருகு ஏற்றுவதுதான் சங்கேடாவின் அழகே! நான் குறை சொல்லவில்லை. அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து நானும் எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். பொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பழக்கம் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்கிறேன். எங்கள் திகம்பர முனிவர் கையில் பிடிக்கும் மயிற்பீலிகூட மயில் தானாக உதிர்த்த பீலியால் கட்டியதாகவே இருக்க வேண்டும் என்பது விதி.

இப்போது முதலில் சொன்ன துணிக்கதை. சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிமேல் கலம் என்னும் எழுதுகோலால் படம் எழுதிச் சாயம் ஏற்றுவது நெடுங்காலத் தொழில். நம் கோயில்களில் தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பை, மேலே கட்டும் அசமானகிரி, வாசல் மாலை எல்லாம் இந்த வகையே. தஞ்சை வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையும் அரியலூர்ப் பக்கத்துக் கருப்பூரும் இதற்குப் பேர்போன ஊர்கள். இதே கரைத் துணிதான் சீட்டி என்ற பேரோடு 17ஆம் நூற்றாண்டில் கப்பலேறியது. துவைத்தாலும் சாயம் போகாத பூந்துணியை ஐரோப்பா அதுவரை கண்டதில்லை. உடுத்த மட்டுமா? கட்டில் திரை, சுவர்த் திரை, நாற்காலி உறை எல்லாம் சீட்டிமயம். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1663 செப்டம்பரில் தம் மனைவியின் அறைச் சுவரைப் போர்த்த இந்தியச் சீட்டி வாங்கியதைத் தினக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வீட்டுக்காரருக்கு என்ன செலவாயிற்றோ, மனைவி எத்தனை நாள் நச்சரித்தாரோ!

ஆசை அளவு கடந்ததும் அங்கே உள்ளூர் நெசவாளர் பிழைப்பு போயிற்று. பிரான்ஸ் 1686இல் சீட்டியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திய பெண்களை வழிமறித்து ஆடையைக் கிழித்தார்கள். 1721இல் வந்த சட்டம் உடைக்கும் வீட்டு அலங்காரத்துக்குமே சீட்டியை ஆகாதென்றது. ஆனாலும் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. தடையை விடப் பெரிய அடி வேறுவிதமாக வந்தது. புதுச்சேரியில் இருந்த கூர்தூ என்னும் ஏசுசபைப் பாதிரியார், கிறிஸ்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, சீட்டி செய்யும் முறை முழுவதையும் 1742இல் கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவை ஆரம்பத்திலேயே கண்டு எழுதியவர் என்று மொழியாராய்ச்சியாளர் போற்றும் அதே கூர்தூதான். 1759இல் பிரான்சில் தடை நீங்கியது. மறுவருஷமே பாரிசுக்கு அருகில் ழூயீ என்ற ஊரில் ஓபர்காம்ப் என்பவர் அச்சுச் சீட்டி ஆலை தொடங்கிவிட்டார்.

அந்தக் கடிதத்தில் இருந்த முறைதான் என்ன? துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்துக் காயவைப்பது. பாலின் கொழுப்பு இருந்தால் எழுதிய கோடு ஊறிப் பரவாது. கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்த நீர். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர் எழுதி, பிறகு சாயவேரில் கொதிக்க வைப்பது. நீலத்துக்கு மற்ற இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவது. சாயவேரை இம்பூறல் என்றும் சொல்வார்கள். கடற்கரை மணலில் விளைந்த வேருக்குத்தான் நிறம் தூக்கலாக வரும். வேரைப் பிடுங்கிச் செய்யும் தொழில் என்பதால் கிழங்கு உண்ணாத எங்கள் குலத்தார் இதிலும் ஒதுங்கியே நின்றிருப்பார்கள் என்பது என் ஊகம். 1868இல் ஜெர்மானிய வேதியியலார் சாயவேரின் சிவப்பைச் சோதனைச் சாலையில் உண்டாக்கினார்கள். 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. கரையோரத்துச் சாயப் பட்டறைகள் அதன்பின் தலைதூக்கவில்லை.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் வியாபாரிக்கு உறைக்கும். பீப்ஸ் வாங்கின துணி போன இடம் தெரியவில்லை. பாதிரியார் எழுதி அனுப்பிய செய்முறையோ ஓர் ஆலையாக முளைத்தது. நம்மிடம் துணி தங்கிவிட்டது, செய்முறை கைநழுவிற்று. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தார் 1949இல் தொடங்கிய காலிகோ ஜவுளி அருங்காட்சியகத்தைச் சங்க அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்று வேண்டும் என்று யோசனை சொன்னவர், தந்தை வழியில் ஈழத் தமிழரான ஆனந்த குமாரசாமி. இன்று ஷாஹிபாகில் இருட்டறையில், மங்கின விளக்கில், கண்ணாடிக்குப் பின்னால் பழந்துணிகள் இருக்கின்றன. போற்ற வேண்டிய காரியம்தான். ஆனாலும் அங்கே நிற்கும்போதெல்லாம், இதைச் செய்தவரின் பேரன் இப்போது எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறானோ என்றுதான் என் புத்தி போகும்.

குஜராத்திக் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். இந்த மண்தான் சோறு போட்டது. நம்மூரில் வாசலுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும். இங்கே துணியால் தோரண். அதன் கீழ்விளிம்பில் இலை இலையாகத் தொங்குவதைக் கவனித்தீர்களா? அதுவும் மாவிலைதான், நூலும் கண்ணாடித் துண்டும் வைத்துத் தைத்த மாவிலை. கச்சின் வறட்சியில் நினைத்த நாளில் பச்சை இலைக்கு எங்கே போவது என்று துணியில் தைத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். சுவரில் சதுரமாக மாட்டும் சாக்ளா, சௌராஷ்டிரத்தில் மணி கோத்த தோரண். அந்த மணி வெனிஸ் நகரத்துச் சரக்கு. சான்சிபாருக்குப் போய்வந்த குஜராத்தி வியாபாரிகள் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. கச்சில் வட்டமான புங்கா வீடுகளின் உட்சுவரில் களிமண்ணும் சாணமும் பிசைந்து கோடு கோடாக ஒட்டி, நடுவே கண்ணாடி பதிக்கும் லிப்பன் வேலை பெண்கள் கைவேலை. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கல்வீடுகள் சரிந்தபோது புங்காக்கள் பல தாக்குப் பிடித்தன.

இந்தத் தையல் வேலைகள் பெரும்பாலும் கல்யாணச் சீர். பெண் பிள்ளை தைக்கத் தொடங்கினால் மணமாகிப் போகும்வரை தைப்பாள். அழகைப் பார்க்கிற நமக்கு அந்தக் கண்ணும் கழுத்தும் பட்ட பாடு தெரிவதில்லை. கச்சில் தேபரியா ரபாரி என்று ஒரு பிரிவினர் உண்டு. அவர்கள் பெண்களின் பூத்தையல் உலகப் பிரசித்தம். சீர் முழுவதையும் தைத்து முடித்தால்தான் பெண் புகுந்த வீட்டுக்குப் போகலாம் என்ற கட்டு. மாப்பிள்ளை வீட்டார் கேட்பதோ வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயிற்று. முப்பது வயதைத் தாண்டியும் பெண்கள் தாய்வீட்டில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் 1995இல் அந்தச் சாதிப் பெரியவர்களே கூடி, இனிப் பூத்தையல் கூடாதென்று தடை போட்டுவிட்டார்கள். கலை ரசிகர்கள் அங்கலாய்த்தார்கள். நான் துணிக்காரன், அந்தத் தையல் எனக்கும் லாபம் தந்த சரக்கு. இருந்தும் சொல்கிறேன், அந்தப் பெண்களுக்கு அது விடுதலை. தாமாக விரும்பித் தைப்பது வேறு, தைத்தால்தான் வாழ்வு என்பது வேறு. நம் ஊரிலும் பெண்பார்க்க வந்தவர்களிடம் ‘இந்தக் கிளி மணியில கோத்தது எங்க பொண்ணுதான்’ என்று கூடத்துச் சுவரைக் காட்டிய காலம் உண்டே. அந்தக் கிளி எத்தனை பேருக்குச் சிறகாயிற்று, எத்தனை பேருக்குக் கூண்டாயிற்று என்பதை அந்தக் காலத்துப் பெண்கள்தான் எழுத வேண்டும்.

இந்த ஊர்த் தமிழரின் கூடத்தையும் வரலாற்றில் சேர்க்க வேண்டும். மணிநகர், கோக்ரா பக்கங்களில் மில் வேலைக்கு வந்து குடியேறிய நம்மவர் சாலி வீடுகளில் கூடமும் சமையலறையும் படுக்கையறையும் ஒரே அறைதான். மில்லில் கழித்துப் போடும் துண்டுத் துணியை இங்கே சிந்தி என்பார்கள். அந்தச் சிந்தியை எடை போட்டு வாங்கிவந்து, நிறம் பார்த்துச் சேர்த்து, நம் பெண்கள் கோதடி தைத்தார்கள், வாசலுக்குத் திரை தைத்தார்கள், மிதியடி பின்னினார்கள். தையல் குஜராத்தி முறை, நடுவில் போட்ட வடிவம் நம்மூர்ப் புள்ளிக் கோலம். இதற்கு எந்தப் பேராசிரியரும் பேர் வைக்கவில்லை. 1980களிலும் 1990களிலும் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. சிந்தி வரத்தும் சுருங்கிற்று. யார் வீட்டுப் பரணிலாவது அந்தத் திரை ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காலிகோ அருங்காட்சியகத்துத் துணிக்கு இருக்கிற சரித்திரம் அதற்கும் உண்டு.

ஊரில் பூர்வீக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன அல்லது விலை போகின்றன. நம்மில் வசதி உள்ளவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பழைய மரத்தூணும் நிலைக்கதவும் வாங்கிவந்து அடுக்குமாடி ஹாலில் நிறுத்துகிறார்கள். எங்கோ ஒரு வீட்டைப் பிரித்தால்தான் அந்தத் தூண் கடைக்கு வரும். வாங்குவது தப்பென்று சொல்ல மாட்டேன், வாங்காவிட்டால் விறகாகப் போகும். ஆனால் ஊரை விட்டு வந்தவன் எடுத்து வரக்கூடியது தூணை விடச் சுளுவானது. அதே செட்டிநாட்டில் ஆச்சிமார் முடைந்து வந்த பனையோலைக் கொட்டான் ஏறக்குறைய மறைந்துபோன நிலையில், விசாலாட்சி ராமசாமி அவர்கள் முயற்சியால் 2000 வாக்கில் கிராமத்துப் பெண்களுக்கு மறுபடி பயிற்சி கொடுத்து உயிர்ப்பித்தார்கள். காரணம், முடையத் தெரிந்த சில கைகள் அப்போது பாக்கி இருந்தன.

என் பேத்தி போன கோடை விடுமுறையில் ‘ஹால் சுவர் காலியா இருக்கு தாத்தா, ஆன்லைன்ல ஒரு பேனல் பார்த்தேன்’ என்றாள். நான் பாதிரியார் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், ‘அந்தக் கறுப்பு மட்டும் நாம பண்ணிப் பார்க்கலாமா?’ என்றாள். பழைய ஆணி, லாடத் துண்டு எல்லாம் பொறுக்கி மண்பானையில் போட்டு, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டிப் பால்கனியில் வைத்தோம். மூன்று வாரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுச் சுவேதாம்பரப் பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, ‘புளிக்க வைத்தால் அதில் எத்தனை கோடி ஜீவன், தெரியுமா சேட்?’ என்று கேட்டார். ஞாயமான கேள்விதான். இட்லி மாவைக் காட்டித் தப்பித்தேன். பிறகு இரண்டு கஜம் கோராத் துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சி போக்கி, கடுக்காய்ப் பொடியும் பாலும் கரைத்த நீரில் முக்கிக் காயவைத்தோம். துணி இளமஞ்சள் ஆயிற்று. மூங்கில் குச்சியில் கம்பளி நூல் சுற்றி எழுதுகோல் செய்தாள். பானை நீர் பார்க்க மங்கலான பழுப்பு. துணியில் பட்ட சிறிது நேரத்தில் கன்னங்கறுப்பாக மாறுகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. சித்தன்னவாசல் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாமரையும் மீனும் எழுதினாள். மீன் ஒன்று கொஞ்சம் பூனை மாதிரி வந்திருக்கிறது, இருக்கட்டும்.

அந்தத் துணிதான் இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. பால் வாசனை போக ஒரு மாதம் பிடித்தது. இந்தத் தடவை தாமரைக்குச் சிவப்பு வேண்டுமாம். சாயவேர் வேண்டாம், பதிமுகக் கட்டையைக் கொதிக்கவிட்டுப் படிகாரம் சேர்த்தால் சிவப்பு வரும், ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும் என்றேன். ‘வெளுத்தா மறுபடி எழுதிக்கலாம்’ என்று சொல்லிவிட்டு, எவ்வளவு கட்டை வாங்கணும் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள்.